டார்ச் அண்ணன் பெண் பார்த்த கதை

சூரியனுக்கு அடுத்தபடியாகத் திருப்பூர்த் துணிகள் மேல் அதிக வெளிச்சம் அடித்தவர் எங்கள் டார்ச் அண்ணன்தான். பெருமாநல்லூர் ரோட்டு பனியன் கம்பெனியில் அவர் துணியில் குறை கண்டுபிடிக்கும் செக்கிங் சூப்பர்வைசர், நான் ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர். அவருடைய நிஜப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கே மறந்திருக்கும்.

சட்டைப்பையில் எப்போதும் ஓர் ஊதா டார்ச், யூவி லைட்டு. வெள்ளைத் துணி பளிச்சென்று தெரிய ஒரு மருந்து சேர்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, அது நீல வெளிச்சமாகத் திருப்பித் தரும். லாட்டுக்கு லாட்டு, அதாவது சாயத் தொட்டிக்குத் தொட்டி, மருந்து கூடக்குறைய இருந்தால், டியூப் லைட்டில் ஒன்றுபோல இருக்கும் இரண்டு வெள்ளைகள் இந்த டார்ச்சில் மாட்டிக்கொள்ளும். துணிக்காகக் கம்பெனி கொடுத்ததை அண்ணன் ஊர்மேலெல்லாம் அடித்தார்.

"ரேடியோ, செல்போன், ரிமோட்டு, எக்ஸ்ரே, இந்த வெயிலு, எல்லாம் ஒரே குடும்பத்து அலைதானுங்க. நீளந்தான் வேற" என்பார் டீக்கடையில்.

"டீ ஆறுதுங்க" என்பார் மாஸ்டர்.

"ஆறுறதும் அலைதானுங்க. சூடு இன்ஃப்ராரெட்டா வெளிய போவுது."

"டீக்காசும் அலையாத்தான் வருமுங்களா?"

"போன்ல அனுப்பிட்டனுங்க, பாருங்க."

இந்த அறிவுதான் அவர் கல்யாணத்துக்கு வேட்டு வைத்தது. முதலில் பார்த்த இடத்தில், பெண்ணின் அப்பா வேட்டியில் டார்ச் அடித்து, "சோப்புத்தூள் சரியா அலசலீங்க மாமா" என்றார். அடுத்த இடத்தில், வெற்றிலைத் தட்டில் வைத்த ரூபாய் நோட்டு நல்ல நோட்டுதானா என்று அடித்துப் பார்த்தார். காபிகூட வரவில்லை.

மூன்றாவது இடம் காங்கேயம். பெண்ணின் அப்பா எண்ணெய் ஆலை வைத்திருந்தார். முந்தின நாளே அண்ணனின் அம்மா டார்ச்சைப் பிடுங்கி என்னிடம் கொடுத்துவிட்டார்.

"இதும் தட்டிப்போச்சுன்னா இனி எந்த ஊட்டுப் படியும் ஏற மாட்டேன் கண்ணு. நீயே வச்சுக்க."

அண்ணன் சாம்பிள் செக்ஷனில் தனக்கென்றே ராத்திரியோடு ராத்திரியாகத் தைத்த வெள்ளைக் காலர் டி-ஷர்ட்டில் வந்தார். கரண்ட் போய்க் கூடம் இருட்டாக இருந்தது. எதிரே பெண்ணின் அப்பாவுடைய வெள்ளை வேட்டி. அண்ணன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார், பாவம்.

பெண் காபி கொண்டுவந்தது. நான் குனிந்து டம்ளரை எடுத்தேன். என் சட்டைப்பையிலிருந்து டார்ச் நழுவி, உருண்டு, பெண்ணின் காலடியில் போய் நின்றது. அண்ணனின் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

பெண் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தது. "யூவிங்களா? நானும் செக்கிங்தானுங்க" என்று சொல்லி, மாப்பிள்ளை மேலேயே அடித்துவிட்டது.

டி-ஷர்ட் நீலமாக ஜொலித்தது. காலர் மட்டும் அழுது வடிந்தது.

"பாடி ஒரு லாட்டு, காலர் வேற லாட்டு. இத எப்பிடிங்க பாஸ் பண்ணுனீங்க?"

பெண்ணின் அப்பா பதறி எழுந்தார். ஊரையே குறை சொன்ன அண்ணன் குனிந்து தன் காலரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் சம்பந்தமும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"டார்ச்சு தம்பிகிட்ட இருந்துதுங்க" என்றார் அண்ணன், குரலே எழும்பாமல். அப்புறம், "பீஸ் ரிஜக்டுங்களா?"

பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டது. "இல்லீங்க. ஆல்டர் பண்ணிக்கலாமுங்க."

தை மாதமே கல்யாணம். இப்போது எனக்கு அக்காவாகிவிட்ட அந்தப் பெண்ணின் கைப்பையில்தான் டார்ச் இருக்கிறது. அண்ணன் அந்தக் காலரை மட்டும் மாற்றவே இல்லை; கல்யாண நாள் வந்தால் அதே டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு என்னைச் சாப்பிடக் கூப்பிடுவார். வருஷம் தவறாமல் நான் வருவது பிரியாணிக்காக என்று அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறது. நான் அந்தக் காலரைப் பார்க்கத்தான் போகிறேன்.