முழங்காலில் ஒரு சுற்றறிக்கை

கிழிஞ்ச சீருடையோட வர்றவங்களுக்குப் பணி நிரந்தரம் கிடையாதுன்னு சுற்றறிக்கை வந்தப்ப, எங்க ஆபீஸ்ல இருந்ததே ஒரே ஒரு கிழிசல்தான். அது என் பேண்ட்ல, வலது முழங்கால்ல இருந்துச்சு. நான் பதினோரு வருஷமா தற்காலிகம்.

"ஒட்டுத்துணி வாங்கியாந்திருக்கேன். மேல வச்சு இஸ்திரிப் பெட்டியால அழுத்துங்க, ஊசி நூலே வேணாம்"னா வீட்டுக்காரி. "உள்ள ஒரு தாளைச் சொருகிக்கங்க. இல்லேன்னா பின்பக்கத்தோட ஒட்டிக்கும், கால் நுழையாது."

கைக்குக் கிடைச்ச தாளைச் சொருகி அழுத்தினேன். கிழிசல் மறைஞ்சுது. தாள்தான் வரல. பசை கிழிசல் வழியா இறங்கி அதையும் பிடிச்சிருச்சு. குனிஞ்சு பார்த்தா, அதே சுற்றறிக்கை. எல்லாரும் படிச்சுக் கையெழுத்துப் போடணும்னு என்கிட்ட கொடுத்திருந்த அசல்.

"பிச்சு எடுங்களேன்."

"ஆபீஸ் காகிதத்தைக் கிழிச்சா பதினோரு வருஷமும் போச்சுடி."

காலைல அதையே மாட்டிக்கிட்டுப் போனேன். நடந்தா சரக் சரக்.

எங்க அதிகாரி, பொறுப்பு அதிகாரி. அதாவது அவரும் தற்காலிகம், ஒன்பது வருஷமா. என்னைச் சுத்திவந்து கிழிசலைத் தேடினாரு. கிடைக்காம முகம் வாடிருச்சு.

"அசல் எங்கய்யா?"

"முழங்கால்ல சார். எடுத்தா கிழிசல் திறந்துக்கும்."

குனிஞ்சு என் முழங்காலைத் தட்டிப் பார்த்தாரு.

"அப்ப இது பேண்ட் இல்ல. கோப்பு. கழட்டு."

கோப்புக்கு எண் போட்டாங்க. நான் ஜன்னல் திரையைக் கட்டிக்கிட்டு நின்னேன்.

"புது பேண்ட், சார்?"

"பழசு கிழியாம பத்திரமா இருக்கேய்யா!"

அடுத்தது கையெழுத்து. படிக்காம போடக் கூடாது. எழுத்தோ உள்பக்கம்.

"புரட்டிப் போட்டுப் படிக்கலாமே சார்?"

"கோப்பைப் புரட்டிப் போடறதுக்கு மேலிடத்து அனுமதி வேணும்."

அதனால ஒவ்வொருத்தரா வரிசையில நின்னு, இடுப்பு வழியா தலையை விட்டு, டார்ச் அடிச்சுப் படிச்சாங்க. தலையை வெளிய எடுத்து, பதிவேட்டுல 'படித்தேன், புரிந்துகொண்டேன்'னு கையெழுத்துப் போட்டாங்க. ஒருத்தர்கூட சிரிக்கல. எல்லாருக்கும் நிரந்தரம் வேணுமே.

கடைசியா அதிகாரி. மத்தவங்களைவிடத் தலை கொஞ்சம் பெருசு. முழங்கால் வரைக்கும் போனாரு. டர்ருன்னு ஒரு சத்தம். ஒட்டுத்துணி ஒருபக்கம், சுற்றறிக்கை ரெண்டு பக்கம், நடுவுல அவரு முகம்.

"யாருய்யா இந்தக் கிழிஞ்ச சீருடையைப் போட்டுக்கிட்டு ஆபீஸுக்கு வந்தது?"

"இப்போதைக்கு நீங்கதான் சார் போட்டிருக்கீங்க"ன்னேன், திரையை இறுக்கிக்கிட்டு.