ஓடுகிற வண்டியைத் தள்ளவைத்த ஊதுபத்தி

காரைக்குடியில் காருக்கு ஊதுபத்தி காட்டாதவர் கிடையாது. ஆனால் பக்தி என்பது துளியும் இல்லாமல், மாதம் நாலு கட்டு ஊதுபத்தியைக் காருக்கே கொளுத்துகிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். மானகிரி போகும் வழியில் கொட்டகை போட்டிருக்கும் மெக்கானிக். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். ஊருக்கு அவர் ஊதுபத்தி.

இந்தக் காலத்துக் கார்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஓடும்போது ஒழுங்காக ஓடும். நின்ற இடத்தில், ஆக்ஸிலேட்டரில் கால் இல்லாதபோது, இன்ஜின் சத்தம் ஏறும், இறங்கும். வண்டி குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கும். பிறகு பொசுக்கென்று அணைந்துவிடும். உள்ளே போகும் காற்றை அளந்து, அதற்குத் தக்கபடி பெட்ரோல் விடுவதற்கு வண்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. எங்காவது ஒரு குழாய் விரிசல் விட்டு, அளக்காத காற்று உள்ளே நுழைந்தால் அதற்குத் தலைகால் புரியாது. அந்த விரிசல் கண்ணுக்கும் தெரியாது.

அதற்குத்தான் ஊதுபத்தி. முதலில் பெட்ரோல் எங்கும் கசியவில்லை என்று நன்றாக மோந்து பார்ப்பார். பிறகு பற்றவைத்து, ஓடும் இன்ஜினின் குழாய்கள் ஓரமாக மெல்ல நகர்த்துவார். புகை எந்த இடத்தில் சட்டென்று உள்ளே இழுபடுகிறதோ, அங்கே ஓட்டை.

வருகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்? செருப்பைக் கழற்றிவிடுவார்கள். ஒரு முறை திருக்கோஷ்டியூர் போகும் குடும்பம் ஒன்று வண்டி நின்றுபோய் அவரிடம் வந்தது. பானெட்டைத் திறந்து அவர் ஊதுபத்தியைச் சுற்ற ஆரம்பித்ததும் வரிசையாக நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெரியவர் பேட்டரி மேல் பத்து ரூபாயை வைத்தார்.

"என்னங்கய்யா இது?"

"தட்டு இல்லையே, அதேன்."

"நான் என்ன அர்ச்சனையா பண்ணுறேன்? கைய ஆட்டாம நில்லுங்க, புகை கலையுது."

"சரிப்பா. விபூதி மட்டும் குடுத்துரு."

ஊதுபத்தி அதற்குமேல் வாதாடவில்லை. சாம்பலைத் தட்டிக் கொடுத்தார். பெரியவர் நெற்றி நிறையப் பூசிக்கொண்டார்.

ஊதுபத்திக்குப் பிடிக்காத ஒரே ஜாதி, நிற்கிற வண்டியை உறுமவிடுகிற ஜாதி. பானெட்டைத் திறந்தால் போதும், யாராவது ஒருவர் உள்ளே உட்கார்ந்து உதவி செய்வதாக நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். "ஓடுறப்ப எல்லா வண்டியும் நல்ல வண்டிதேன். சும்மா நிக்கிறப்ப பாருங்கய்யா லட்சணத்த" என்று கத்துவார்.

நான் வாடகைக்குக் கார் ஓட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு சரி. என் வண்டியிலுள்ள கம்ப்யூட்டர் என்னைவிட அதிகம் படித்தது என்பதால் அதனிடம் கொஞ்சம் மரியாதையாகவே இருந்தேன். அது அப்படி இல்லை. போன மாதம் ஒரு ஆச்சி தன் மகனுக்குப் பெண் பார்க்க என் வண்டியில்தான் போனார். பெண் வீட்டு வாசலில், மாப்பிள்ளை வலது காலை எடுத்துக் கீழே வைக்கிற அந்த நொடியில், என் வண்டி நடுங்கி, இருமி, அணைந்தது. உள்ளே யாரோ "தடங்கல்" என்றார்கள். காப்பிகூட ஆறித்தான் வந்தது. அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

 திரும்பி வந்து இறங்கும்போது ஆச்சி சொன்னார்: "அடுத்த வெள்ளிக்கிழம திருப்பத்தூர்ல ஒரு இடம் பாக்குறோம்ப்பா. அங்கயும் இப்படி ஆச்சுன்னா நான் வேற வண்டிதான் சொல்லிக்கிருவேன்."

எனக்கு வருகிற சவாரியில் பாதி அந்த வீட்டுச் சவாரி.  ஊதுபத்திக்குப் போன் செய்தேன். எனக்குப் போனில் பேச வராது. நேரிலும் வராது.

"யாருங்க அது, மூச்சு மட்டும் விடுறது?"

"வண்டி..." என்றேன்.

"வண்டியா பேசுது?"

எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் தேவகோட்டைப் பக்கம் தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். "வெள்ளிக்கிழம காலையில நேரா ஆச்சி வீட்டுக்கே வந்துர்றேன்" என்றார். விடிய விடிய விசேஷ வீட்டில் பந்தி பரிமாறிவிட்டு, முதல் பஸ் பிடித்து, சொன்னபடியே எட்டரைக்கு வந்து நின்றார்.

ஊதுபத்தி பற்றவைத்தார். ஆச்சி பார்த்தார். அவ்வளவுதான், உள்ளே போய்க் குங்குமம், தேங்காய், நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்துவிட்டார்.

"நல்ல காரியத்துக்குப் போறப்ப நீயே பூசை போடுற பாரு, மகராசனா இருப்ப."

"ஆச்சி, கொஞ்சம் அங்குட்டு நில்லுங்க. ஓட்டை தேடுறேன்."

"தேடு, தேடு" என்று சொல்லிக்கொண்டே ஆச்சி பேட்டரிக்குப் பொட்டு வைத்தார்.

இன்ஜினிலிருந்து பிரேக்குக்குப் போகும் காற்றுக்குழாயின் முனையில் புகை சுருண்டு உள்ளே போனது. அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டு மீதியை இறுக்கி மாட்டினார். பிறகு காற்று நுழையும் வாயைக் கழற்றினார். உள்ளே அடுப்புக்கரி மாதிரி அழுக்கு. துடைத்துக்கொண்டே வந்தவர் ஒரு சின்ன ஸ்க்ரூவைப் பார்த்து நின்றார்.

"இதுல எவன் கைய வச்சது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"பழைய ஸ்கூட்டர்னு நெனச்சீகளோ? இத ஏத்திவிட்டா கம்ப்யூட்டர் எறக்கப் பாக்கும். அது எறக்குனா வண்டி நிக்கும். ரெண்டு பேரும் இத்தன நாளா சண்ட போட்டுக்கிட்டு இருந்திருக்கீக."

ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். பேட்டரி ஒயரைக் கழற்றி, சற்றுப் பொறுத்து மாட்டினார். "கம்ப்யூட்டருக்குப் பழசெல்லாம் மறந்துருச்சு. இப்ப புதுசாப் படிக்கணும். இன்ஜின் சூடாகிப் பத்து நிமிஷம் யாரும் ஆக்ஸிலேட்டரத் தொடக் கூடாது. அதுவா மூச்சு விட்டுப் பழகட்டும்."

வண்டி ஓடியது. ஏறியது, இறங்கியது. ஊதுபத்தி வாசலில் குத்தவைத்துக் காது கொடுத்தார். ஏற்ற இறக்கம் மெல்லக் குறைந்தது. ஏழாவது நிமிஷத்தில் ஆச்சியின் தம்பி வந்தார். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். அந்த வீட்டில் எல்லாருக்கும் அம்மான். கார் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"என்னப்பா தூங்கி வழியுது" என்று ஒரு மிதி மிதித்தார்.

ஊதுபத்தி எழுந்தார்.  சாவியைத் திருப்பி அணைத்தார். பேட்டரி ஒயரைக் கழற்றி, மாட்டி, மறுபடி ஸ்டார்ட் செய்தார்.

"மொதல்லருந்து" என்றார்.

அப்போது மணி பத்து பதினெட்டு. பத்தரைக்கு ராகுகாலம். ஆச்சிக்கு முகம் சிவந்துவிட்டது.

"பத்தரைக்கு முன்னால வண்டி வாசலத் தாண்டணும்ப்பா."

"பத்து நிமிஷத்துக்கு முன்னால ஓட்டுனா திருப்பத்தூர் வாசல்ல நிக்கும் ஆச்சி. அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது."

"ராகுகாலத்துல கெளம்புனா அந்தச் சம்பந்தமே நிக்கும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என்னைக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்? ஊதுபத்தி தலையைச் சொறிந்தார். பிறகு, "வண்டி வாசலத் தாண்டணும், அம்புட்டுத்தான? ஓட்டித்தேன் தாண்டணும்னு ஏதும் இருக்கா?" என்றார்.

ஆச்சி யோசித்தார். அப்படி எதுவும் இல்லை.

பத்து இருபத்தாறுக்கு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கியரை நியூட்ரலில் போட்டு நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். வலது காலை ஆக்ஸிலேட்டருக்கு எட்டாதபடி மடக்கிவைத்துக்கொள்ளும்படி ஊதுபத்தி சொல்லியிருந்தார். பின்னால் ஊதுபத்தி, பட்டு வேட்டியில் மாப்பிள்ளை, நடுவில் தண்டனையாக அம்மான். தள்ளினார்கள். நாலு சக்கரமும் நாலு எலுமிச்சம்பழத்தில் ஏறி இறங்கின. வண்டி வாசலைத் தாண்டித் தெருவில் உருண்டது.

எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்தார். "செல்ஃப் எடுக்கலையா?"

"ஓடிக்கிட்டுத்தேன் இருக்கு" என்றார் ஊதுபத்தி மூச்சிரைக்க.

"அப்ப எதுக்குத் தள்ளுறீக?"

"படிக்குது. தொந்தரவு பண்ணாதீக."

தெருமுனையில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி, மீதி நிமிஷங்களை அங்கே கழித்தோம். பிறகுதான் என்னைக் காலை நீட்ட விட்டார். பெண் வீட்டிலும் வண்டி நின்றபடி கொஞ்ச நேரம் ஓடவேண்டும் என்று சொல்லி முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

திருப்பத்தூரில் பெண் வீட்டு வாசல். பிரேக் பிடித்தேன். மாப்பிள்ளை வலது காலைக் கீழே வைத்தார்.  வண்டி அசையவில்லை. ஊதுபத்தி ஏசியைப் போட்டார். சத்தம் லேசாகத் தாழ்ந்து, தானே நிமிர்ந்து, ஒரே சீராக நின்றது. எல்லாரும் உள்ளே போனார்கள். வண்டி ஓடுகிறதா இல்லையா என்றுகூட யாரும் கவனிக்கவில்லை. அதுதான் எனக்கு வேண்டியது.

முக்கால் மணி நேரம் கழித்து அம்மான் கேசரித் தட்டோடு வந்தார். "முடிவாயிருச்சு. வைகாசியில கல்யாணம்." பின்னாலேயே ஆச்சி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏப்பா, இன்னுமா வண்டிய ஆஃப் பண்ணல? பெட்ரோல் சும்மா எரியுதே."

அந்த வீட்டுக்கு வண்டி ஓட்டிய இத்தனை வருஷத்தில் ஆச்சியிடம் நான் ஒரு பேச்சு எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்கு உதட்டில் விரல் வைத்து, மெதுவாகப் பேசும்படி அவருக்குச் சைகை காட்டினேன். பக்கத்து சீட்டில் ஊதுபத்தி வாயைத் திறந்தபடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். இன்ஜின் சத்தம் நின்றால், அடுத்த நொடியே பதறி எழுந்துவிடுவார்.