காட்டேரி இல்ல, கார்ட்டிசால்

எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா கண்ணுங்களா? முட்டிவலி, சுகரு எல்லாம் சொன்ன பேச்சு கேக்குதா? கேக்கலன்னாலும் பேய் ஓட்டுறவங்ககிட்ட மட்டும் போயிடாதீங்க. போன மாசம் வரைக்கும் கூட்டேரிப்பட்டு ஹைவேல பஸ்ஸு நின்னா பாதி பஸ்ஸு காலியாயிடும். எல்லாம் சவுரிராயன் கொட்டாய்க்குத்தான். பேய் ஓட்டுறதுல கில்லாடியாம். புடிச்ச பேயோட பேர மட்டும் சொல்லிட்டா போதும், அது பொறந்த வீடு புகுந்த வீடு வரைக்கும் புட்டுப்புட்டு வெப்பாராம். தாலுக்கா ஆபீஸுல கூட அவ்ளோ வெவரம் கெடைக்காது.

அந்த வரிசையில கலைப்பிரியாவும் ஒக்காந்துக்கினு இருந்தா. திண்டிவனத்துல டைலர் கடை வெச்சிருக்கிறவ. அவளுக்கு பைபோலார்னு ஒரு நோவு. கொஞ்ச நாளு மனசு தலகால் தெரியாம பறக்கும், அப்புறம் மாசக்கணக்குல பள்ளத்துல கெடக்கும். இந்தத் தடவ பள்ளத்தோட மறதியும் சேந்துக்கிச்சு. ஒரு கல்யாணப் பொண்ணு ஜாக்கெட்டுக்கு ரெண்டு கையையும் இடது கையாவே வெட்டி வெச்சிட்டா. கடைய மூட வேண்டியதாயிடுமோன்னு பயந்து அம்மாவ கூட்டிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போனா.

விழுப்புரம் ஆஸ்பத்திரி டாக்டரு அருணா வெவரமா சொன்னாங்க. கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன் ஏறிக்கினு மூளைய மந்தமாக்குதோன்னு சந்தேகமாம். அத அடக்குற மாத்திரைய பரிசோதனையா குடுத்துப் பாக்குறாங்களாம். "பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பழைய மாத்திரைய மட்டும் நிறுத்திடாத"ன்னாங்க. சத்தியம் பண்ண மாட்டேன்னது கலைப்பிரியாவுக்கு ரொம்பப் புடிச்சிது, சரின்னு புது மாத்திரையையும் வாங்கிக்கினா. பக்கத்துல இருந்த அவ அம்மா கிளியம்மா காதுல வுழுந்ததோ வேற. காட்டேரி ஏறிக்கினு இருக்குதாம். படிச்ச டாக்டரே சொல்லிட்டாங்களேன்னு அழுதுக்கினே மவள கொட்டாய்க்கு இழுத்தாந்துட்டா.

காட்டேரின்னதும் சவுரிராயன் கண்ண உருட்டுனாரு. மாத்திரையெல்லாம் காட்டேரிக்குத் தீனியாம், மொதல்ல குப்பையில போடணுமாம். கிளியம்மா பையில கைய வுட்டு மாத்திரைய எடுத்துட்டா. கலைப்பிரியாவுக்கு திக்குன்னுது. போன வருஷம் மாத்திரைய நிறுத்திட்டு ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்தாளே, எது மறந்தாலும் அது மறக்குமா? அம்மா கைய கெட்டியா புடிச்சிக்கினா. இந்த ஆளுக்கு என்னதான் தெரியும்னு பாத்துடலாம்னு தோணுச்சு.

"சாமி, அம்மா பேரத் தப்பா சொல்லிட்டாங்க. என்னப் புடிச்சிருக்கிறது தைராக்சின்."

சவுரிராயன் கண்ண மூடித் தெறந்தாரு. "அத மொதல்லயே சொல்லக்கூடாதா? தைராச்சினி. ஏழு அக்கா தங்கச்சில மூத்தவ. ஜவ்வாது மலைப் பக்கம் தூக்குல தொங்குனவ. ஒரு சொட்டு இல்லாம உறிஞ்சி எடுத்துடறேன், பாரு."

வேப்பிலைய ஓங்குனாரு. பின்னாலருந்து ஒரு குரலு. மயிலத்து அஞ்சம்மா, மருமவ சோத்துல மருந்து வெச்சிட்டான்னு அத எடுக்க வந்தவ.

"இரு சாமி. எனக்குத் தைராய்டு, அந்தத் தைராக்சின் கம்மியா இருக்குன்னுதான் டாக்டரு மாத்திரை குடுத்துருக்காரு. தெனம் காலையில வெறும் வயித்துல அதத்தான் முழுங்குறேன். அப்ப நான் பேயவா முழுங்கிக்கினு இருக்கேன்?"

சுருக்குப்பையிலருந்து டப்பாவ எடுத்து ஆட்டிக் காட்டுனா. அது வேற தைராச்சினின்னு சவுரிராயன் சமாளிச்சாரு. "ஏழு பேருல எத்தினியாவது?"ன்னா அஞ்சம்மா. கொட்டாயே கொல்லுன்னு சிரிச்சிது.

கலைப்பிரியா நெதானமா சொன்னா, "அது பேய் இல்ல, ஹார்மோனு. எல்லாரு கழுத்துலயும் சொரக்குது சாமி, உங்க கழுத்துலயும். சுத்தமா உறிஞ்சிட்டா ஆளு தேறாது."

அதுக்கப்புறம் வரிசையில முன்னாடி வந்து போனவங்கல்லாம், உனக்கு சாமி என்ன சொன்னாருன்னு ஒருத்தர ஒருத்தர் விசாரிக்க ஆரம்பிச்சாங்க. பாத்தா எல்லாரு பேயும் ஜவ்வாது மலையில தூக்குல தொங்கினதுதான். அத்தினி பேரு தொங்குனா அந்த மலையில மரம் பத்துமா? அன்னிக்கி ஏறக்கட்டுன கொட்டாய்தான், இன்னும் தொறக்கல.

கிளியம்மா மாத்திரைய மவ கையில குடுத்துட்டு, தண்ணி பாட்டில தொறந்து நீட்டுனா. புது மாத்திரை கேக்குதா இல்லியான்னு இன்னும் தெரியல. தெரியலன்னுதான் டாக்டரும் சொல்றாங்க.

பேயிக்குப் பேரு நாம குடுக்குறோம், கதைய அவன் குடுக்குறான். நடுவுல நம்ம மூளைய யாருகிட்ட குடுத்து வெச்சிருக்கோம்? கொஞ்சம் யோசிங்க. உங்க ஊரு சாமி எந்த நோவுக்கு எந்தப் பேயக் காட்டுனாரு, அத யாரு எப்படிப் புடிச்சாங்கன்னு கீழ எழுதுங்க. ஒண்ணு வுடாம படிக்கிறேன்.