அப்பா திருப்பிக் கொடுத்த என் வேலை

அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பாக்களை சாஃப்ட்வேர் ஆட்கள் கிட்டேயே விடக் கூடாது. எங்கள் அப்பா மாநில அரசில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, அதே நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்று எழுந்து வந்தவர். யாரைப் பார்த்தாலும் அவருடைய முதல் கேள்வி, "வேலை பர்மனென்டா?" பெங்களூரில் எங்கள் மல்லேஸ்வரத்துத் தள்ளுவண்டிக் காய்காரரைக்கூட விட்டதில்லை.

எனக்கோ அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அமெரிக்காவில் டாட்காம் கம்பெனிகள் வரிசையாகப் படுத்ததில் என் முதல் வேலை போனது. மாதக்கணக்கில் வீட்டில் கிடந்து திட்டு வாங்கி, அப்போதுதான் இன்னொரு கம்பெனியில் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஓர் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பழைய புரோகிராம்களை இனி பெங்களூரிலிருந்தே பார்த்துக்கொள்ளும் வேலை. அதைச் சொல்லிக்கொடுக்க அங்கிருந்து டேவ் என்பவர் வந்திருந்தார். ஐம்பது வயது, சிரிப்பே வராத முகம். 'இவளுக்கு வேலை தெரிந்துவிட்டது' என்று அவர் சொன்னால்தான் என்னை நிரந்தரமாக்குவார்கள். சொல்லிக்கொடுத்து முடித்ததும் அவருக்கு வேலை கிடையாது. இது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் அதைப் பற்றி யாரும் மூச்சுவிடக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு.

அந்த மேனேஜர்தான், "பாவம், ஹோட்டல் சாப்பாட்டில் நொந்து போயிருக்கார், ஞாயிற்றுக்கிழமை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ, சரி என்று தலையாட்டிவிட்டேன்.

சனிக்கிழமை முழுக்க அப்பாவுக்குப் பாடம் நடத்தினேன்.

"அப்பா, வேலையைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை கேக்கக் கூடாது."

"நான் ஏம்மா கேக்கப் போறேன்? குளிரு, மழைன்னு பேசிட்டுப் போறேன், போதுமா?"

பேசினார். பிசிபேளாபாத் முடியும்வரை பெங்களூர்க் குளிரைப் பற்றியே பேசினார். தயிர்சாதம் வருவதற்குள் குளிர் தீர்ந்துவிட்டது.

"ஊருக்குப் போனதும் உங்களுக்கு என்ன போஸ்ட், சார்?" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார்.

டேவ் ஸ்பூனைக் கீழே வைத்தார். "எதுவும் இல்லை. என் வேலை இப்போது உங்கள் மகளிடம் இருக்கிறது."

அப்பா எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டார். என் பக்கம் திரும்பி, "அடுத்தவர் சோத்துல கை வைக்கவாடி உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று தமிழில் கத்தினார்.

"என்ன சொல்கிறார்?" என்றார் டேவ்.

"உங்களை இன்னும் கொஞ்சம் தயிர்சாதம் போட்டுக்கச் சொல்றார்" என்று இங்கிலீஷில் சமாளித்தேன்.

"பொய் சொல்லாதே!" என்ற அப்பா, தான் சொன்னதைத் தானே மொழிபெயர்த்தார். (ஆபீஸ் கோப்புகளில் எழுதி எழுதித் தேய்ந்த இங்கிலீஷ். ஒரு கமா குறையவில்லை.) கடைசியில் ஒன்று சேர்த்துக்கொண்டார். "கவலைப்படாதீங்க சார். நாளைக்கே திருப்பிக் குடுத்துடுவா."

திருப்பிக் கொடுப்பதாம்! கோயில் வாசலில் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்த செருப்பா அது? அம்மா "சும்னிரி", சும்மா இருங்க என்று கன்னடத்தில் பல்லைக் கடித்து அடக்கிப் பார்த்தாள். அடங்குகிற ஆளா அவர்? கை கழுவிய ஈரம் காய்வதற்குள், போன் பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்த நம்பரைப் பார்த்து மேனேஜர் வீட்டுக்கே போன் போட்டு, டேவுக்கும் கேட்கட்டும் என்று இங்கிலீஷிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"என் பொண்ணு வேலையை விட்டுடறா. இந்த மனுஷனுக்குக் கல்யாண வயசுல பொண்ணுங்க இருக்கும். அவருக்கே குடுத்துடுங்க." (டேவுக்குப் பெண்ணும் கிடையாது, பிள்ளையும் கிடையாது. ஒரு பூனை இருந்தது.)

ரிசீவரைப் பிடுங்கினேன். "ஏன்ரீ, என்ன இதெல்லாம்?" என்று மறுமுனையில் மேனேஜர் அலறிக்கொண்டிருந்தார். அழுகையும் ஆத்திரமுமாக என்னென்னவோ உளறி வைத்துவிட்டுத் திரும்பினால், டேவ் சிரித்துக்கொண்டிருக்கிறார்! பெங்களூருக்கு வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவின் கையைப் பிடித்தார்.

"எங்கள் கம்பெனியில் ஒருத்தர்கூட எனக்காக இப்படிக் கோபப்படவில்லை" என்றார்.

எனக்கு அப்போதும் அப்பாவின் மேல் எரிச்சல்தான். அவர் பாட்டுக்கு நல்லவராகிவிட்டார். நாளைக்கு வேலை இல்லாமல் நிற்கப் போவது நானல்லவா?

நல்லவேளை, அப்படி ஆகவில்லை. எனக்கு வேலை தெரிந்துவிட்டது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுத்தான் டேவ் விமானம் ஏறினார். என்னை நிரந்தரமாக்கினார்கள். அந்தச் சந்தோஷத்தில் நான் வாங்கி வந்த மைசூர்பாகை அப்பா தொடவே இல்லை.

சில வருஷம் கழித்து என் முறை வந்தது. சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கக்கூட யாரும் வரவில்லை. நாங்கள் நாலைந்து பேர் செய்ததை ஒரு புதுப் புரோகிராமே செய்துகொள்ளுமாம், கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து வெறுப்போடு விஷயத்தைச் சொன்னேன். திட்டு விழும் என்று பார்த்தால், அப்பா எழுந்து சட்டையை மாட்டினார்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

"அந்தப் புரோகிராமோட அப்பா யாருன்னு விசாரி. நான் போய்ப் பேசறேன்."

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாருக்காவது வேலை போனால் (இப்போதெல்லாம் அடிக்கடி போகிறது), ஆறுதல் சொல்வதற்கு முன்னால் எல்லோரும் கேட்பது அதைத்தான்: "அதோட அப்பா யாரு, விசாரிச்சியா?" எல்லா இடத்திலும் விசாரித்துவிட்டோம். அப்படி ஒருவர் இருப்பதாகவே தெரியவில்லை.