டிரைலோபைட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன்

கோபம் வந்தால் கண் தெரியாது என்பார்கள். எனக்கு நன்றாகவே தெரியும். கைதான் சொன்ன பேச்சு கேட்காது. அந்தக் கை ஒரு துர்கா பூஜை லீவில் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் கொல்கத்தாவில் நிலவியல் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, கிடர்பூரில் குவார்ட்டர்ஸ். பூஜைக்காக எங்கள் நிலவியல் துறையை மூடும் நாளில், யாரிடமும் கொடுக்காத ஒரு கல்லைப் பஞ்சில் சுற்றி என்னிடம் கொடுத்தார் பேராசிரியர். சுண்ணாம்புக்கல்லில் புதைபடிவமாகப் பதிந்திருந்த டிரைலோபைட். ஐம்பது கோடி வருஷத்துக்கு முன்னால் கடலடியில் ஊர்ந்த பிராணி. பார்க்க மரவட்டைக்கும் கரப்பானுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். இதன் வலது பக்கத்தை ஏதோ ஒன்று கடித்து, காயம் ஆறிய தழும்பு இருந்தது. அந்தத் தழும்புதான் என் ஆய்வேடு. ஒன்றை ஒன்று தின்னத் தொடங்கியதால்தான் கடலில் மேலோடும் முள்ளுமாக விதவிதமான உயிர்கள் பெருகின என்று வாதாட எனக்கிருந்த ஒரே சாட்சி. லீவு முடிவதற்குள் அதை அளந்து வரைந்து கொண்டுவந்தால், பிஎச்.டி.க்குத் தன்னிடம் இடம் உண்டு என்று சொல்லியிருந்தார்.

வீட்டில் கொலு. அப்பாவுக்கு அதில் ஏகப்பட்ட சட்டம் உண்டு. கீழ்ப்படியில் சங்கு, நத்தை. மேலே போகப் போகப் பூச்சி, மிருகம், மனுஷன், உச்சியில் சாமி. கல்லைப் பார்த்ததும், "இது நத்தை ஜாதிதானே? கீழ்ப்படியில வை" என்றார்.

"நத்தையா! இதுக்குக் கண்ணு இருந்ததுப்பா! அதோட இது கொலுவுக்கில்ல, டிபார்ட்மென்ட் சொத்து."

"அப்ப கொலு வச்ச வீட்டுக்கு ஏன் கொண்டுவந்தே?"

கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு வரைய உட்கார்ந்தேன். அஷ்டமிக்குள் இடது பாதியை ஒவ்வொரு வரியாக வரைந்து முடித்துவிட்டேன். (தழும்பு இருந்தது வலது பக்கம். நல்லதைக் கடைசியில் வைத்துக்கொள்ளும் புத்தி எனக்கு.)

அஷ்டமியன்று குளித்துவிட்டு வந்து பார்த்தால், மேஜையில் கல்லைக் காணோம். கொலுவில், கீழ்ப்படியில் இருக்கிறது! நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம், குங்குமம். பக்கத்து விளக்கிலிருந்து வழிந்த எண்ணெய் வேறு.

"அப்பாதான் எடுத்து வச்சார். வெறுங்கல்லா இருக்கேன்னு பொட்டு மட்டும் நான் வச்சேன்" என்றாள் அம்மா.

வந்தது பாருங்கள் ஒரு கோபம்! வாசலில் துர்கா பூஜைப் பந்தலின் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. என் குரலில் அதுவே அடங்கிப்போனது. அம்மா அசையவில்லை. மறுநாள் சரஸ்வதி பூஜைக்காகப் பித்தளை விளக்குகளை வாளியில் புளி கரைத்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இப்படிக் கத்தறே? எண்ணெய்ப் பிசுக்குதானே? விளக்கோட போட்டுத் தேய்ச்சா போயிடும்."

"போடறேன்! எல்லாத்தையும் போடறேன்! போட்டுத் தேய்ச்சு நாசமாப் போறேன்!"

போட்டேன். வாளியில் கல் விழுந்ததும் பொசுபொசுவென்று நுரை கிளம்பியது. (சுண்ணாம்புக்கல்லில் அமிலம் பட்டால் நுரைக்கும் என்பது எங்களுக்கு முதல் நாள் பாடம். அதில் நான் பத்துக்குப் பத்து.) நல்ல புளி, அழுக்கெல்லாம் வருகிறது என்று நினைத்துக்கொண்டு, அப்பாவோடு மிச்சச் சண்டையைப் போடப் போய்விட்டேன். மத்தியானம் முழுக்கச் சண்டை. சாயங்காலம் வந்து, அவர் மேல் இருந்த ஆத்திரத்தையெல்லாம் தேங்காய் நாரில் ஏற்றித் தேய்த்தேன். விளக்கு, தட்டு, மணி, டிரைலோபைட்.

பித்தளை தகதகத்தது. கல்லும்தான். குங்குமம் இல்லை, எண்ணெய் இல்லை, தழும்பு இல்லை. தேய்ந்த சோப்புத் துண்டு போல வெளுத்து வழவழவென்று இருந்தது. அப்போதுதான் அந்த நுரை என்ன நுரை என்று எனக்கு உறைத்தது. அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து வாளியின் அடியைத் துழாவினேன்.

லீவு முடிந்து பேராசிரியரின் மேஜையில் கல்லை வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதில் கழுவினாய் என்று கேட்டார்.

"தேதுல், சார்" என்றேன். புளிக்கு வங்காளத்தில் அதுதான் பெயர்.

கண்ணாடியைக் கழற்றினார். "கடித்தவனிடமிருந்து கூட இது தப்பித்துவிட்டது" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான். பாவி மனுஷன், கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்! பிஎச்.டி. இடம் வேறொருவருக்குப் போயிற்று. எனக்குக் கிடைத்தது அலமாரி நிறைய உடைந்த கிளிஞ்சல்களைத் தரம் பிரிக்கும் வேலை.

பஸ் முழுக்க அழுதுகொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும், "எல்லாம் உன்னாலதான்! நீதானே வாளியில போடச் சொன்னே!" என்று அம்மா மேல் பாய்ந்தேன்.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"ஆமா, சொன்னேன். சொன்னது எட்டாங்கிளாஸ். போட்டது எம்.எஸ்ஸி."

முதலில் சிரித்தது அப்பா. கல்லைக் கொலுவில் வைத்த அதே அப்பா!

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், ரயிலைத் தவறவிட்டாலும், யாராவது ஒருவர் "போட்டது யாரு?" என்று ஆரம்பிப்பார்கள். என் பெண் உட்பட மொத்தக் குடும்பமும் "எம்.எஸ்ஸி.!" என்று கோரஸ் பாடும். எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன், அம்மாவுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைக்க மாட்டேன் என்கிறது.