வைலே மேட்டில் றேடியேற்றர் தணித்த படலம்

வாழ்க யேசுரட்ணம்! பேசாலைக் கடல் ஈன்ற பெருமகன் வாழ்க! இறைச்சித் தொழிற்சாலையின் குளிரறையில் எட்டு மணிநேரம் நின்றும் ஒருமுறையேனும் இருமாத இரும்பு மார்பன் வாழ்க! பனிநாடாம் டென்மார்க்கின் வைலே நகரில், குடியிருக்க வீட்டையும் ஏறிச்செல்ல வாகனத்தையும் தனித்தனியே தேடி அலையும் சிறுமதியாளர் நடுவே, இரண்டையும் ஒன்றாகவே வாங்கி நிறுத்திய பேரறிவாளன் வாழ்க! அவன் புகழ் பாடுமுன் எத்தெய்வத்தை வேண்டுவது? டீசலுக்கென்று தெய்வம் இல்லை. ஆகவே அவன் வணங்கும் அந்தோனியாரையும் அவன் தோழன் வணங்கும் பிள்ளையாரையும் ஒருசேரக் கும்பிட்டுத் தொடங்குவோம். தடை நீக்குவது பிள்ளையாரின் பொறுப்பாதலால் இக்கதையில் அவருக்கே வேலை அதிகம்.

வண்டி எதுவெனின், முன்னொரு காலத்தில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து, முதுமையில் கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் பூட்டப்பெற்று வீடாகிப்போன ஆறு சில்லுப் பஸ். அதன் டீசல் இயந்திரம் மற்ற வண்டிகளைப் போல முன்னால் இராமல் வாலில் இருந்தது. அதன் சூட்டைத் தணிக்கும் றேடியேற்றரும் வாலிலேயே இருந்தது. இவ்விரண்டுக்கும் நேர் மேலே, தெய்வாதீனமோ சாத்தானின் சதியோ, கட்டில் இருந்தது.

அக்கட்டிலுக்கு உரியவள் மேரிகிறேஸ்; கைப்பிடித்த மூன்றாம் மாதமே கணவனைக் கடல் கடக்கவிட்டுக் கொழும்பில் காத்திருந்த காரிகை. அவள் வந்து சேர்வதற்கான விண்ணப்பம், தலைநகரத்தின் ஏதோ ஓர் இழுப்பறைக்குள் இரண்டு வருடமும் மூன்று மாதமும் பெருந்துயில் கொண்டிருந்துவிட்டு, தமிழ் அகதிகளின் விண்ணப்பங்கள் முடக்கப்பட்டனவென்று பத்திரிகைகள் போட்ட கூச்சலில் எண்பத்தொன்பதாம் ஆண்டு கண்விழித்தது. வருகிற ஞாயிறு மதியம் அவள் தலைநகரை அடுத்த கஸ்ட்ரப் விமான நிலையத்தில் இறங்குவாள். “கிறேஸ், நீர் ஒருத்தற்ற வீட்டுக்கும் வரத்தேவையில்லை. உம்மட வீடே ஏர்போட்டுக்கு வரும்” என்று நம் வீரன் எழுதிய நீலக்கடிதம் அவள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. போன சொல்லை மீட்டுத்தர எந்தத் தபாற்கந்தோராலும் ஆகாது.

வெள்ளி காலை வெள்ளோட்டம். தட்டை நாடாகிய டென்மார்க்கில், யாருக்கும் சொல்லாமல் மேடுகளைப் பதுக்கி வைத்திருக்கும் ஊர் வைலே. வீரனுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தான் அறைத்தோழன் கொண்டாவில் குலேந்திரன், ஊரிலே சீ.ரி.பி. என்னும் அரசாங்க பஸ்ஸோடு பதினோராண்டு பழகிய மகாரதன். அப்பதினோராண்டும் அவன் கண்டக்டராகப் பின்வாசலில் தொங்கியபடி நின்றான் என்பதை இக்காவியம் உரிய மரியாதையுடன் ஒருமுறை மட்டும் சொல்லி விலகும்.

ஹோர்சன்ஸ் வீதியின் ஏற்றத்தில், பாதி மலை ஏறிய யானை பாகனை மறந்து நின்றாற்போல வண்டி நின்றது. சூடு காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டு, சிவப்பையும் தாண்டி, இனி எங்கே போவதென்று அறியாது துடித்தது. வாலிலிருந்து எழுந்தது வெண்புகை, அல்ல, ஆவி, அல்ல, “இதுக்கு மேல ஏறமாட்டன், போடா” என்று இயந்திரம் வாய்திறந்து விடுத்த போர்முழக்கம்!

மூடியைத் திறக்கப் பாய்ந்தான் யேசுரட்ணம்.

“தொடாதை!” என்று அதிர முழங்கினான் குலேந்திரன். “சுடச்சுடத் திறந்தியெண்டா மூஞ்சை அவிஞ்சு போம். பிறகு அவ வந்து ஆரைப் பாக்கிறது?”

ஒரு மணிநேரம் ஆறவிட்டு, தண்ணீர் நிரப்பி, வீரர் இருவரும் வீதியோரப் புல்வெளியை முதற் போர்க்களமாக வரித்தனர். பக்கத்துப் பண்ணையில் இரவல் பெற்ற ஹோஸ் குழாய் என்னும் நாகாத்திரமும், பாத்திரம் கழுவும் சவர்க்காரமும், பல்துலக்கும் பிரஷ் இரண்டும் ஏந்தி, வாலில் தெரிந்த றேடியேற்றரின் வெளிமுகத்தை இடுக்கு இடுக்காக, ஈர்க்கு ஈர்க்காக, மணப்பெண்ணுக்கு நலங்கு வைப்பதுபோல் தேய்த்துத் தேய்த்து, அதில் முகம் பார்த்துத் தலைவாரலாம் என்னும்படி மினுக்கினர். பின் ஏறினர். அதே ஏற்றம், அதே வளைவு, அதே ஆவி.

சனி காலை குலேந்திரன் இரண்டாம் அத்திரத்தை எடுத்தான். “தேர்மோஸ்ரற் எண்டு ஒண்டு உள்ளுக்க இருக்கு, தம்பி. இயந்திரம் சூடேறுமட்டும் தண்ணியை மறிச்சு வைக்கிற சாமான். எங்கட ஊரில அதைக் கழட்டி எறிஞ்சுபோட்டுத்தான் பஸ் எல்லாம் ஓடினது.”

“உங்கட ஊரில பனி பெய்யிறேல்லை, அண்ணை.”

“ஆவணியில இஞ்சையும் பெய்யாது. கதையாமல் சாவியைத் தா.”

கழற்றினான், சொன்ன சொல் தவறாதவன், எறிந்தும் விட்டான். வண்டி ஏறியது, வளைவு வந்தது, ஆவி எழுந்தது. அச்சிறு வாயிற்காவலனை மீட்க இருவரும் சுணைச்செடிப் புதருக்குள் அரைமணிநேரம் தவழ்ந்ததும், குலேந்திரனின் முன்னங்கைகள் பலாப்பழம் போலத் தடித்ததும் விரித்துரைக்கத் தக்கன அல்ல.

மூன்றாம் முயற்சியாக மறுபடி வெளிமுகத்தில் நீரைப் பீச்சியபோதுதான் யேசுரட்ணத்தின் உள்ளத்தில் ஒளி பிறந்தது. இவ்வளவு தண்ணீர் அடித்தும் மறுபக்கம், இயந்திரத்தின் கீழே, நிலம் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஊடுருவவில்லை. முன்னால் இயந்திரம் உள்ள வண்டிக்கு எதிர்க்காற்றின் தூசி வெளிமுகத்தில் படியும். இதுவோ சில்லு கிளப்பும் புழுதியையும் இயந்திரம் கக்கும் எண்ணெய்ப் புகையையும் காற்றாடியால் உள்ளிருந்து இழுத்து, உள்முகத்திலே அப்பிக்கொள்ளும் பிராணி. வெளியே பார்த்தால் மினுக்கம், அடைப்பெல்லாம் உள்ளே. அக்காலத்தில் அந்நாட்டில் அப்படி இருந்தது றேடியேற்றர் ஒன்றுதான் என்று சொல்வதற்கில்லை.

“அப்ப உள்ளுக்கால கழுவோணும்” என்றான் குலேந்திரன். “கட்டிலைத் தூக்கு. அதுக்குக் கீழதான் மூடி.”

யேசுரட்ணம் கல்லானான். பூப்போட்ட புதுவிரிப்பும் தலையணை இரண்டும் இட்டு, மேலே பொலித்தீன் போர்த்து, தானும் அதில் படுக்காமல் தரையில் கிடந்து அவன் காத்த கட்டில் அது.

“ஏலாது, அண்ணை. அது கிறேஸின்ர. அவ வரமுந்தி ஒருத்தரும் தொடக்கூடாது.”

“விசரா! கட்டிலைத் தூக்காட்டி அவ ஏர்போட்டில பெட்டிக்கு மேல குந்தியிருப்பா. உனக்குக் கட்டில் வேணுமோ, பெண்சாதி வேணுமோ?”

இதனினும் கொடிய கணை எப்போர்க்களத்திலும் ஏவப்பட்டதில்லை. விரிப்பு மடிந்தது, மெத்தை எழுந்தது, பலகை திறந்தது. உள்ளே, காற்றாடிக்கு அப்பால், றேடியேற்றரின் மெல்லிய தகட்டுத் துடுப்பு ஒன்றும் கண்ணுக்குத் தெரியாவண்ணம், புழுதியும் எண்ணெயும் புல்லும் பூச்சிச் சிறகும் திரண்டு, மெத்தைக்குக் கீழே இன்னொரு மெத்தையாகப் படிந்து கிடந்தது கருங்கம்பளம்!

தலைகீழாகத் தொங்கினான் வீரன். கொழுப்பகற்றும் திரவத்தைத் தெளித்தான், ஊறவிட்டான், துடுப்புகள் வளையாதபடி நீரை மெல்லென உள்ளிருந்து வெளியே செலுத்தினான். முதற் கழுவலில் தாரோடிற்று, மூன்றாவதில் தேநீர் ஓடிற்று, ஏழாவதில் ஏழைக்குப் பிறந்த பிள்ளையின் கண்ணீர்போலத் தெளிநீர் ஓடிற்று. தேர்மோஸ்ரற் தன் அரியணை ஏறியது. உறையாமல் காக்கும் பச்சைநிறத் திரவமும் வெறும் தண்ணியும் சரிபாதி கலந்து ஊற்றப்பட்டன. குழாய்களுக்குள் சிறைப்பட்ட காற்று வெளியேற, நிரப்பும் வாய் உயர்ந்து நிற்கவேண்டுமென்று, பகையாயிருந்த அம்மேட்டிலேயே மூக்கு கீழாகவும் வால் மேலாகவும் வண்டியை நிறுத்திச் சில்லுக்குக் கல் வைத்தனர். முன்னே ஓடும் குழாய்களிலும் நீர் ஏறும்பொருட்டு, ஆவணி வெயிலில் ஹீற்றரையும் முழுதாய்த் திறந்துவிட்டு, வண்டிக்குள் குலேந்திரன் அமர்ந்து புழுங்கி நீதிக்காகத் தன்னைத் தந்தான். களுக், களுக் என்று காற்றுப் பகைவர் ஒவ்வொருவராய்ச் சரணடைந்தனர்.

சனி மாலை வண்டி ஏறியது. வளைவு வந்தது, போனது! ஊசி நடுவில் நின்றது. உச்சியிலும் நடுவில் நின்றது.

“நடுவில நிக்குதடா! நடுவில!” என்று குலேந்திரன் போட்ட சத்தத்தில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலைநிமிர்ந்தன.

ஞாயிறு விடியலில் புறப்பட்டு, கப்பலில் கடல் கடந்து, நடுவில் நின்ற ஊசியோடே கஸ்ட்ரப் அடைந்தனர். ஒற்றைப் பெட்டியோடு வந்தாள் மேரிகிறேஸ். இரண்டு வருடத்துப் பிரிவையும் இரண்டு நிமிடம் அழுது தீர்த்தபின் வண்டியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சில்லு வைச்ச வீடோ?”

“ஓம், கிறேஸ். சொந்த வீடு.”

ஏறினாள். வீதியெங்கும் வெற்றி முரசு முழங்க, தலைநகரை நோக்கி உருண்டது அத்தேர். நகரின் ரயில் நிலையம் கண்ணுக்குத் தெரியுமுன் அவள் இரண்டுதரம் வாந்தி எடுத்திருந்தாள். மூன்றாவதற்கு முன் எழுந்து நின்று, வெளிறிய முகத்தோடு இவ்வாறு பிரகடனம் செய்தாள்:

“இஞ்சாருங்கோ, எனக்கு பஸ் ஒத்துவராதெண்டு தெரியாதே? கலியாணத்தண்டைக்கே கார் வேண்டாமெண்டு கோயிலுக்கு நடந்துதானே வந்தனான்!”

“அது நேர்த்திக்கடனெண்டெல்லோ நினைச்சன்!”

“ஆருக்கு நேர்த்தி? வயித்துக்கு நேர்த்தி! நான் இறங்கிறன். நீங்கள் வாறியளோ, உங்கட வீட்டோட நிக்கிறியளோ?”

“தங்கச்சி, ஊசியைப் பாருங்கோ, அசையேல்லை” என்று குலேந்திரன் மன்றாடினான். “நடுவில நிக்குது!”

அந்நேரம், மேடு வென்ற மேன்மையனும், கருங்கம்பளம் கிழித்த கைவலியனும், ஏழ்கழுவல் கண்ட ஏந்தலும், இழுப்பறைகளின் நீள்துயிலை இரண்டாண்டு பொறுத்து நின்ற பெருந்தகையுமாகிய நம் வீரன், அலைகடல் நடுவே அசையாக் கலங்கரை விளக்கம் போல் நின்றொளிரும் அவ்வூசியை ஒருமுறையும், நடைபாதையில் தன் பெட்டியைத் தானே இறக்கிக்கொண்டிருந்த இல்லாளை ஒருமுறையும் நெடிது நோக்கினான்.

பிறகு வண்டிச் சாவியைக் குலேந்திரனிடம் கொடுத்துவிட்டு, வைலேக்கு இரண்டு ரயில் டிக்கெட் எடுத்தான்.