பச்சை கீழே இறங்கியபோது அப்பா கை தட்டினார்

ஆய்வுகூடத்து இயந்திரங்களுக்கு ஒரு குணம் உண்டு. யாரும் பார்க்காதபோது சொன்ன சொல் கேட்கும். வீட்டு ஆட்களைக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்தினால் மானத்தை வாங்கிவிடும். (என் பிள்ளைகளும் அப்படித்தான். ஆனால் அவர்களைக் கழுவித் துடைப்பது கொஞ்சம் சுலபம்.)

லண்டனில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு அப்போது தற்காலிக வேலை. புரதங்களைச் சுத்தப்படுத்துவதுதான் தொழில். ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் மிகச் சிறிய மணிகளை அடைத்திருப்போம். கரைசலின் பி.எச். (அமிலம் கூடினால் குறையும், காரம் கூடினால் ஏறும் அளவு) சரியாக இருந்தால் புரதம் அந்த மணிகளில் ஒட்டிக்கொள்ளும், அழுக்கு ஓடிவிடும். பிறகு உப்பை மெல்ல மெல்லக் கூட்டினால் புரதம் கழன்று கீழே வரும். அயன் பரிமாற்றம் என்று இதற்குப் பெயர். அமிலம் கூடிவிட்டால் மணிகளின் பிடி விட்டுப்போகும், எல்லாம் பாழ். முன்பு கரைசல்களை நாங்களே கையால் கலந்தோம். புதிதாக வந்த இயந்திரமோ அமிலம், காரம், உப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் போத்தல்களிலிருந்து தானே உறிஞ்சி, தானே கலந்து, பி.எச். விலகினால் தானே திருத்தியும் கொள்ளும்.

வீட்டில் இதை நான் இவ்வளவு நீட்டி முழக்கவில்லை. “பச்சை நிறப் புரதம் ஒண்டு மேல ஒட்டிக்கொண்டு நிக்கும் அப்பா. அது கீழ இறங்கினா வெற்றி” என்றேன்.

“பச்சை இறங்கினா வெற்றி” என்று அப்பா மனப்பாடம் செய்துகொண்டார்.

அப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டிருந்த காலம் அது. தென்லண்டன் ஸ்ட்ரெதமில் பெற்றோல் நிலையக் கல்லாவில் நின்று எங்களை வளர்த்த மனிதர், ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருந்தார். அங்கே பக்கத்துக் கட்டில்காரர் எல்லோருக்கும் “என்ரை மகள் மருந்து செய்யிறா” என்று சொல்லி வைத்திருந்தார். எங்கள் ஆய்வுகூடத்தில் பார்வையாளர் நாள் வந்தது. நிதி தருகிறவர்களும் குடும்பத்தவர்களும் வரலாம். இயந்திரத்தை இயக்கிக் காட்டும் பொறுப்பை என் மேலாளர் மார்கரெட் என்னிடம் தந்தார். என் ஒப்பந்தம் முடியவிருந்த நேரம். நீடிப்பதா இல்லையா என்பது அவர் கையில் இருந்தது.

அன்று காலையிலேயே கையால் கலந்த கரைசலில் பச்சைப் புரதத்தை ஏற்றி, மணிகளில் ஒட்ட வைத்துவிட்டேன். குழாயின் உச்சியில் பச்சை வளையம் அழகாக நின்றது. அதோடு விட்டிருக்கலாம். அப்பா வருகிறாரே என்று போத்தல்களில் படிந்திருந்த உப்புக் கறையைத் துடைக்கத் தொடங்கினேன். போத்தல்களுக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய்களை வெளியே எடுத்தேன், போத்தல்களைப் பளபளவென்று துடைத்தேன், குழாய்களைத் திரும்பப் போட்டேன். அமிலமும் காரமும் பார்வைக்கு வெறும் தண்ணீர்தான். குழாய்களும் ஒன்றைப்போல ஒன்று. அமிலத்தின் குழாய் காரத்துக்குள்ளும் காரத்தின் குழாய் அமிலத்துக்குள்ளும் போய்ச் சேர்ந்தன. (வீட்டில் ஒருநாளும் தேத்தண்ணிக் கோப்பை கழுவாதவளுக்கு அன்று வந்த சுத்தம்.)

தம்பியின் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு அப்பா வந்தார். இப்போது அதற்குள் இன்னொரு அப்பாவுக்கும் இடம் இருந்தது. அம்மா அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து முன்வரிசையில் இருத்தினார்.

நான் இயந்திரத்தை ஓடவிட்டு, திரைக்கு முதுகைக் காட்டி நின்று பேசத் தொடங்கினேன். “மனிதர் தவறு செய்வர். இது தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்” என்றேன். எனக்குப் பின்னால் அது திருத்திக்கொண்டுதான் இருந்தது. பி.எச். குறைகிறது என்று காரத்தை உறிஞ்சியது. வந்தது அமிலம். இன்னும் குறைந்தது. ஆகவே இன்னும் உறிஞ்சியது.

பச்சை அசைந்தது. உப்பு போகத் தொடங்க முன்னரே மணிகளை விட்டுக் கழன்று கீழே சரிந்தது.

அப்பா எழுந்து நின்று கை தட்டினார்.

அவர் தட்டியதைப் பார்த்து முன்வரிசை தட்டியது. பிறகு அறை முழுவதும் தட்டியது. நான் குனிந்து நன்றி கூடச் சொன்னேன். மார்கரெட் மட்டும் தட்டவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பியபோது பச்சை வெளிறி, நிறமே இல்லாமல் கழிவுப் போத்தலுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அமிலத்தில் புரதம் குலைந்துவிட்டது. பல வாரமாக வளர்த்துச் சேர்த்த புரதம். மார்கரெட் வந்து இயந்திரத்தை நிறுத்தினார். “போத்தல்களைப் பார்” என்றார், மிகத் தாழ்ந்த குரலில்.

வீடு திரும்பும் ரயிலில் நான் அழுதேன்.

“ஏன் பிள்ளை, பச்சை வடிவாத்தானே இறங்கினது?”

“இறங்கக் கூடாத நேரத்தில இறங்கினது, அப்பா.”

“அப்ப நான் கை தட்டினது பிழையோ?”

“ஓம்” என்றேன்.

அப்பா கைகள் இரண்டையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார். “ஆஸ்பத்திரியில என்ரை மிஷினுக்கும் ரெண்டு குழாய் கொழுவினம். ஒண்டு சிவப்பு, மற்றது நீலம். அப்ப மாறாதாம். உங்கட இடத்தில நிறம் பூசேல்லையோ?”

அவருடைய இயந்திரமும் சிவப்புக் குழாயால் அமிலக் கரைசலையும் நீலக் குழாயால் காரக் கரைசலையும் உறிஞ்சி, தண்ணீரோடு கலந்துதான் அவருடைய இரத்தத்தின் பி.எச்.சைக் காப்பாற்றுகிறது என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். ஆனால் அதன் பக்கத்தில் போய் இருந்து பார்த்ததில்லை. எனக்கு எப்போதும் வேலை இருந்தது. அடுத்த தடவை அவரோடு நான் போனேன். தாதி சிவப்பையும் நீலத்தையும் கொழுவி முடிக்கும்வரை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. காரணம் வேறு என்றார்கள். அப்பா பக்கத்துக் கட்டில்காரரிடம் “மகளை வேற இடத்தில கேட்டிருக்கினம்” என்றார். அப்போது யாரும் கேட்டிருக்கவில்லை. பிறகு கேட்டார்கள். இன்று நான் வேலை செய்யும் இடத்தில் எல்லாக் குழாய்களிலும் சிவப்பு, நீல நாடா ஒட்டியிருக்கிறேன்.

வீட்டில் ஏதாவது பிழையாகிப் போனால் கை தட்டுவது அதன் பிறகு வழக்கமாயிற்று. தொடக்கிவைத்தவர் அப்பாதான். சோறு அடிப்பிடித்தால் தட்டுவார். தம்பி காரை மதிலில் இடித்தபோது ஜன்னலால் எட்டிப் பார்த்துத் தட்டினார். கடைசி மாதங்களில் கரண்டி கைநழுவி விழுந்தால் தனக்குத் தானே தட்டிக்கொள்வார், சத்தம் வராது.

பின்னொரு குளிர்காலத்தில் அப்பா போய்விட்டார். இந்த ஊரில் கொள்ளி வைப்பது என்றால் தகனக்கூடத்தில் ஒரு பொத்தானை அழுத்துவது. பெட்டி தானே உலைக்குள் நகரும். தம்பி வேட்டியோடு நின்று அழுத்தினான். பெட்டி அசையவில்லை. மறுபடி அழுத்தினான். அசையவில்லை. கறுப்பு உடுப்புக்காரர் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடிவந்து எதையோ திருகினார். ஐயர் தேவாரத்தை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். சனம் தலையைக் குனிந்து நின்றது.

என் பக்கத்தில் நின்ற அம்மா, அழுதபடியே, சேலைத் தலைப்புக்குள் இரண்டு கைகளையும் மெதுவாகத் தட்டினார். எனக்கு மட்டும் கேட்டது. நானும் தட்டினேன். அப்போதுதான் பெட்டி நகர்ந்தது.